நீங்கள் கிளம்பிய பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? சமூகக் கட்டடம் வடிவமைக்க வரும் மாணவருக்கு ஒரு வழிகாட்டி

கட்டடக்கலை படிக்கும்போது, மூன்றாம் ஆண்டிலோ கடைசி ஆண்டு தீசிஸிலோ, "சமூக மையம்" என்ற தலைப்பு எப்படியும் ஒருமுறை வந்து நிற்கும். பெரும்பாலும் வரையப்படுவது ஒரே படம்தான். மூங்கில் கூரை, மண் சுவர், நடுவில் ஒரு மரம், மரத்தடியில் சிரிக்கும் குழந்தைகள், வானத்தில் நாலு பறவைகள். பார்க்க அழகாகவே இருக்கும். அந்தக் கூரை ஒழுகினால் யார் ஏறிச் சரிசெய்வார், ஏணி யாரிடம் இருக்கிறது என்று ஜூரியில், அதாவது ப்ராஜெக்டை மதிப்பிடும் குழுவில், ஒருவர் கேட்டுவிட்டால் பதில் இருக்காது.

அந்தக் கேள்வியை முதல் நாளிலிருந்தே கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் யார், அவருக்கு என்ன வேலை தெரியும், கையில் எவ்வளவு பணமும் நேரமும் இருக்கும் என்று தெரிந்தால் பொருள், அளவு, கூரைச் சரிவு எல்லாமே பாதி முடிவாகிவிடும். மக்கள் பங்கேற்பு ஒரு ஷீட்டிலும் பசுமைக் கட்டடம் இன்னொரு ஷீட்டிலும் என்று பிரிக்க வேண்டிய அவசியமும் வராது.

மாணவர்தானே என்று தயங்க வேண்டாம். புர்கினா ஃபாஸோவின் கான்டோ கிராமத்தில் 2001-இல் முடிந்த தொடக்கப் பள்ளியை வடிவமைத்தபோது ஃப்ரான்சிஸ் கேரே பெர்லினில் படித்துக்கொண்டிருந்தார். பங்களாதேஷின் ருத்ராபூரில் கட்டப்பட்ட மெட்டி பள்ளி, ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அன்னா ஹெரிங்கர் செய்த தீசிஸிலிருந்து வந்தது. இரண்டும் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றவை. கேரேவுக்கு 2022-இல் கட்டடக்கலையின் உயரிய பரிசான ப்ரிட்ஸ்கரும் கிடைத்தது. விருதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. கான்டோ, கேரே பிறந்த ஊர். ஹெரிங்கர் பத்தொன்பது வயதிலேயே பங்களாதேஷில் ஒரு தொண்டு நிறுவனத்தோடு ஏறக்குறைய ஒரு வருடம் தங்கியவர். தீசிஸ் அதற்குப் பிறகுதான். இருவரும் பென்சிலை எடுப்பதற்கு முன்பே அந்த மக்களை அறிந்திருந்தார்கள். உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையென்றால் அட்டவணையில் அதற்கான நாட்களை முதலிலேயே ஒதுக்குங்கள்.

முதலில்: இதைக் கேட்டது யார்?

தலைப்பு எடுக்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்தக் கட்டடம் வேண்டும் என்று கேட்டது யார்? "நான்" என்பதோ "என் கைடு" என்பதோ பதிலாக இருந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

எகிப்தில் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி 1940-களில் கட்டிய நியூ கூர்னா என்ற புது ஊரை எல்லோரும் மண் கட்டடத்துக்கு எடுத்துக்காட்டாகப் படிக்கிறோம். சுடாத பச்சைச் செங்கல், நூபியப் பகுதியின் பாணியில் வளைகூரை, நிழலான முற்றம் என்று நுணுக்கத்தில் குறை சொல்ல முடியாத வேலை. ஆனால் பழைய கூர்னா மக்களுக்கு இடம் மாறவே விருப்பமில்லை. பழங்காலக் கல்லறைகளை ஒட்டிய அந்த மலைச்சரிவில்தான் அவர்கள் பிழைப்பு இருந்தது. கிளப்ப நினைத்தது அரசு. பெரும்பாலானோர் புது ஊருக்கு வரவில்லை, திட்டமும் முழுமையாக முடியவில்லை. கேட்காதவர்களுக்குக் கட்டினால் எவ்வளவு நல்ல கட்டடமானாலும் இதுதான் கதி.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் உதாரணம். 1996-இல் பிரான்சின் போர்தோ நகராட்சி, லியோன் ஒகோக் என்ற சிறு சதுக்கத்தை அழகுபடுத்தும் வேலையை லகாதோன், வஸால் என்ற இரு கட்டடக்கலைஞர்களிடம் கொடுத்தது. அவர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்தார்கள், குடியிருப்பவர்களிடம் பேசினார்கள். இந்த இடம் ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். சரளைக்கல்லை மாற்றுங்கள், அடிக்கடி சுத்தம் செய்யுங்கள், மரங்களைக் கவனியுங்கள் என்பதே அவர்களின் "டிசைன்". புதிதாக எதுவும் கட்டவில்லை.

தீசிஸில் இப்படி ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டு வர முடியாது, சரிதான். ஆனால் இருக்கிற கட்டடத்தைச் சரிசெய்வது, பூட்டிக் கிடக்கிற கூடத்தைத் திறப்பது, ஒரு நடைபாதைக்கு நிழல் போடுவது போன்றவற்றையும் தலைப்பாக எடுக்கலாம். கட்டாத கான்கிரீட்டைவிடக் குறைவான கார்பன் எந்தப் பொருளிலும் கிடையாது. முதல் ப்ராஜெக்டுக்குச் சின்னதையே எடுங்கள் என்பது என் கருத்து. ஒரு கழிப்பறையைக் கதவின் கொண்டி வரை யோசித்து முடித்த மாணவர், பத்து ஏக்கர் மாஸ்டர் ப்ளானைப் பாதியில் விட்டவரைவிட அதிகம் கற்றிருப்பார்.

பேசுவதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள்

சைட்டுக்கு ஒரே நாள் போய் நூறு போட்டோ எடுத்து வருவது கள ஆய்வு ஆகாது. ஒரே இடத்துக்கு விடிகாலை, உச்சி வெயில், பொழுது சாயும் நேரம், இரவு என்று வெவ்வேறு நேரங்களில் போங்கள். வேலைநாள் ஒன்று, விடுமுறை நாள் ஒன்று. முடிந்தால் மழை நாள் ஒன்று. ஒரு எளிய ப்ளானில் யார் எங்கே நிற்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள், எந்தப் பக்கமாக நடக்கிறார்கள் என்று புள்ளியும் கோடுமாகக் குறியுங்கள். நடைபாதை ஒரு பக்கம் இருக்க, மக்கள் புல்லை மிதித்து வேறொரு தடம் போட்டிருப்பார்கள். அந்தத் தடத்தை உங்கள் சுவர் மறித்தால் சுவர்தான் தோற்கும்.

அடுத்தது பேச்சு. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படிக் கேட்டால் நூலகம், பூங்கா, கம்ப்யூட்டர் அறை என்று எல்லா ஊரிலும் வரும் அதே பட்டியல்தான் வரும். கேட்க வந்தவரின் மனம் நோகக்கூடாது என்று சொல்லும் பதில்கள் அவை. "நேற்று காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். தண்ணீருக்கு எவ்வளவு நேரம் நின்றார்கள், குழந்தையை யாரிடம் விட்டார்கள், துணியை எங்கே காயப்போட்டார்கள் என்று தானாக வரும். கட்டடத்தின் தேவை அதற்குள்தான் இருக்கிறது.

கூட்டம் போட்டால் வராதவர் பட்டியலையும் எழுதிக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் என்றால் சமையலில் இருப்பவர்கள் வர மாட்டார்கள். இரவு வேலைக்குப் போகிறவர்களும், படியேற முடியாதவர்களும் வர மாட்டார்கள். வாடகைக்கு இருப்பவர்களை யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து உரக்கப் பேசுகிற மூன்று பேரின் கருத்து "மக்கள் கருத்து" என்று உங்கள் ஷீட்டில் ஏறிவிடும். வராதவர்களை அவர்கள் இருக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள்.

இதில் உங்கள் வேலை எந்த அளவில் நிற்கிறது என்று பார்க்க ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் எழுதிய கட்டுரையில் மக்கள் பங்கேற்பை எட்டுப் படி கொண்ட ஓர் ஏணியாக வைத்தார். அடிப்படியில் மக்களை நமக்குத் தோதாகத் திருப்புவது, உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரமே அவர்கள் கையில் இருப்பது. தகவல் சொல்வதும் கருத்துக் கேட்பதும் நடுப்படிகள். அவற்றை அவர் வெறும் ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு என்றுதான் வகைப்படுத்தினார். பெரும்பாலான மாணவர் ப்ராஜெக்டுகள் அந்த நடுப்படியிலேயே நிற்கும். நிற்பது குற்றமில்லை. நடுப்படியில் நின்றுகொண்டு ஷீட்டில் "மக்களே வடிவமைத்தது" என்று எழுதுவதுதான் தப்பு.

போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். முக்கியமாகக் குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரிடம் கேளுங்கள். இது கல்லூரி வேலை, கட்டப்படுமா என்று உறுதி சொல்ல முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கனவைக் காட்டிவிட்டுக் காணாமல் போகிற மாணவர்களால், அடுத்து வருகிறவருக்குக் கதவு திறக்காது.

வரைபடத்துக்குப் பதில் கயிறு

ப்ளானைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இதைப் பலர் வெளியே சொல்ல மாட்டார்கள், தலையை மட்டும் ஆட்டுவார்கள். ஆகவே முதல் ஸ்கீம் தயாரானதும் நிலத்தில் முழு அளவில் போட்டுக் காட்டுங்கள். முளைக்குச்சிகள், கயிறு, சுண்ணாம்புப் பொடி போதும். சுவர் வரும் கோட்டில் கயிறு, கதவு வரும் இடத்தில் இடைவெளி, தூண் வரும் இடத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

அப்போதுதான் உண்மையான பேச்சு தொடங்கும். ஒருவர் உள்ளே வந்து நின்று கையை விரித்துப் பார்ப்பார். இன்னொருவர், "கதவு எந்தப் பக்கம் திறக்கும்? திறந்தால் அந்தம்மா உட்காரும் இடத்தில் இடிக்குமே" என்பார். யாராவது ஒருவர் சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து கழிப்பறைக் கயிற்றுக்குள் திரும்பப் பார்ப்பார், திரும்பாது. குழந்தைகள் சுவரையெல்லாம் தாண்டிக் குதித்து ஓடுவார்கள். எங்கே சுவர் வேண்டாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும். கயிற்றை அங்கேயே நகர்த்திக் கட்டுங்கள். பழைய கோட்டையும் புதுக் கோட்டையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவில் மிக வலுவான பக்கம் இதுவாக இருக்கும்.

கயிறு போடும்போதே சாய்தளத்தையும் போடுங்கள். 1:12 சரிவு என்றால், தரையிலிருந்து 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் தளத்துக்கு 7.2 மீட்டர் நீளமான சாய்தளம் வேண்டும். இடையில் நின்று இளைப்பாற ஒரு சமதளமும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் இதைச் சேர்க்கப் பார்த்தால் இடம் இருக்காது. தளத்தின் உயரத்தைக் குறைக்க முடியுமா என்று முதலில் யோசிப்பது இன்னும் நல்லது.

வெயிலைக் கணக்குப் போடுங்கள்

"இயற்கைக் காற்றோட்டம்" என்று நீல அம்புக்குறி போடுவதை இனி விட்டுவிடலாம். காற்று அந்த அம்பைப் பார்த்து வருவதில்லை. அந்த இடத்தில் காற்று எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று வானிலைத் தரவில் பாருங்கள், அங்கே இருப்பவர்களிடமும் கேளுங்கள். உள்ளே வர ஒரு திறப்பு இருந்தால் போதாது, வெளியே போக எதிர்ப்பக்கம் ஒன்று வேண்டும். நடுவில் முழு உயரத் தடுப்புச் சுவர் நிற்கக்கூடாது.

சன்ஷேடு விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கைக் காட்டுகிறேன். நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில், பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், மாலை நான்கு மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் நேர் மேற்கே இருக்கும். 1.2 மீட்டர் உயரமுள்ள மேற்கு ஜன்னலை அந்த நேரத்தில் முழுவதும் நிழலில் வைக்க வேண்டுமானால் சன்ஷேடு 2 மீட்டருக்கு மேல் நீள வேண்டும். வழக்கமாகப் போடும் அரை மீட்டர் சன்ஷேடால் ஜன்னலின் மேல்பக்கம் 30 சென்டிமீட்டர்கூட முழுதாக மறையாது. ஆகவே மேற்கில் ஜன்னலைக் குறையுங்கள், அல்லது செங்குத்துத் தடுப்போ துளைச் சுவரோ மரமோ வையுங்கள். ஸ்டோர் ரூமையும் கழிப்பறையையும் அந்தப் பக்கம் தள்ளிவிடுவது பழைய உத்தி, இன்றும் வேலை செய்யும். உங்கள் சைட் இருக்கும் அட்சரேகைக்கு இதே கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

மழைநீர்க் கணக்கு இன்னும் எளிது. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1000 லிட்டர். வழிந்தும் ஆவியாகியும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். தொட்டியின் அளவை இதிலிருந்து எடுக்க வேண்டும், படத்தில் எங்கே பொருந்துகிறது என்பதிலிருந்து எடுக்கக்கூடாது.

பொருள்: "இயற்கையானது" என்ற சொல் போதாது

சிமென்ட்டைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1450 டிகிரி வரை சூடாக்கித்தான், அரைத்துச் சிமென்ட் ஆக்கும் கிளிங்கர் கட்டிகள் தயாராகின்றன. எரிபொருள் விடும் புகை ஒருபுறம் என்றால், கல் பிரியும்போதே கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. சூளையை முழுக்கச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அந்த இரண்டாவது பங்கு போகாது. உலகக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் ஏறத்தாழ 7-8 சதவீதம் சிமென்ட் தொழிலுடையது.

அதற்காகச் சிமென்ட் தீண்டத்தகாதது என்று நினைக்க வேண்டாம். கான்டோ பள்ளியின் சுவர்கள் களிமண்ணோடு கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திய கற்கள். மண் வீடு மழையில் கரையும் என்று அந்த ஊர்க்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள், முதலில் நம்பவில்லை. கேரே மண்ணை விட்டுவிடவில்லை, மழையிலிருந்து அதை விலக்கினார். சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளும் தகரக் கூரை, அதைத் தாங்க, கான்கிரீட்டுக்குள் போடும் சாதாரண இரும்புக் கம்பிகளை வெட்டிப் பற்றவைத்த ட்ரஸ், அதாவது கூரையைத் தாங்கும் சட்டகம். தகரத்துக்குக் கீழே கற்களாலான உள்கூரை, இரண்டுக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி. கிரேன் கிடையாது. கை ரம்பமும் சிறிய வெல்டிங் மெஷினும் வைத்து ஊர்க்காரர்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அதனால் அதே ஆட்களால் பிறகு வேறு கட்டடங்களும் கட்ட முடிந்தது. பராமரிப்புக் கேள்விக்குப் பதில் அந்த ட்ரஸ்ஸிலேயே இருக்கிறது.

மெட்டி பள்ளியிலும் இதே யோசனைதான். செங்கல் அஸ்திவாரம், அதன்மேல் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்பு, அப்புறம்தான் வைக்கோல் கலந்த மண் சுவர். மாடி மூங்கில். மண் சுவரில் முதலில் அடிவாங்குவது தரையை ஒட்டிய பகுதிதான். கூரையிலிருந்து விழும் தண்ணீர் தரையில் பட்டுத் தெறித்து அதைக் கரைக்கும். மண் சுவர் வரைந்தால் சுவர் நிற்கும் பீடத்தின் உயரத்தையும் கூரை வெளியே நீளும் அளவையும் அதே செக்ஷனில், அதாவது கட்டடத்தைச் செங்குத்தாக வெட்டிக் காட்டும் படத்தில், காட்டுங்கள். காட்டாத செக்ஷனைத் திருத்தும் ஆசிரியர் முதலில் அங்கேதான் வட்டம் போடுவார்.

சைட்டில் உள்ள மண், அழுத்திய கல் செய்ய உதவுமா என்று தோராயமாக அறிய ஆய்வகம் வேண்டாம். மேல்மண்ணில் வேரும் மட்கும் இருக்கும், அதை நீக்கிவிட்டுக் கீழிருந்து மண் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் மணல் அடியில் படியும். அதன்மேல் வண்டல் படிய மணிக்கணக்காகும். களிமண் அடங்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும், அதுவரை தண்ணீர் கலங்கலாகவே இருக்கும். தெளிந்தபின் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு அடுக்கையும் அளந்து எழுதுங்கள். அழுத்திய மண் கல்லுக்கு மணலும் சரளையுமாகப் பாதிக்கு மேல், களிமண் ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவு பொதுவாக ஒத்துவரும். களிமண் மிகுந்தால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். இது முதல் வடிகட்டல்தான், கட்டப் போகிறீர்கள் என்றால் முறையான சோதனை அவசியம்.

செங்கல்தான் கிடைக்கும் என்றால் எலிப்பொறிக் கட்டுமானத்தைப் பாருங்கள். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது. வழக்கமான ஒரு செங்கல் தடிமன் சுவரைவிடச் சுமார் 25 சதவீதம் செங்கல் குறையும், வெயிலும் உள்ளே மெதுவாக இறங்கும். ஆனால் அந்த வேலை தெரிந்த கொத்தனார் அருகில் இருக்கிறாரா என்பதை முதலில் விசாரியுங்கள். மூங்கிலுக்கும் இதே விதிதான். பக்குவப்படுத்தாத மூங்கிலைப் பூச்சி அரித்துவிடும். பக்குவப்படுத்தியது தொலைவிலிருந்து லாரியில் வர வேண்டும் என்றால் அந்தத் தூரத்தையும் கணக்கில் சேருங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே கட்ட வேண்டியதில்லை

பணம் போதாதபோது என்ன செய்வது என்பதற்குச் சிலி நாட்டின் இகீகே நகரில் 2004-இல் முடிந்த கின்டா மொன்ராய் குடியிருப்பைப் படியுங்கள். ஒரு குடும்பத்துக்கு 7500 டாலர். நிலம், குழாய், வீடு மூன்றும் அதற்குள். அலெஹான்ட்ரோ அரவேனாவின் எலமென்டல் குழு முழு வீட்டைச் சிறிதாக்கவில்லை. நல்ல வீட்டின் பாதியைக் கட்டியது. குடும்பத்தால் தனியாகச் செய்ய முடியாத சமையலறை, குளியலறை, படிக்கட்டு, பொதுச்சுவர் இவற்றை முடித்துக் கொடுத்து, பக்கத்தில் காலி இடத்தை விட்டது. மீதியை அவரவர் கட்டிக்கொண்டார்கள்.

உங்கள் ப்ராஜெக்டிலும் இப்படி ஒரு கோடு போட்டுப் பாருங்கள். எது தவறினால் ஆபத்து, எதைப் பிறகு மாற்றலாம் என்று பிரியுங்கள். அஸ்திவாரம், கூரை, மின்சாரம், கழிவுநீர் முதல் வகை. அவற்றுக்குத் தகுதியான பொறியாளரின் கையொப்பம் இல்லாமல் ஒரு கல்லும் வைக்கக்கூடாது. மாணவர்களே கட்டும் ப்ராஜெக்ட் என்றால் சாரம், தலைக்கவசம், காப்பீடு எல்லாவற்றுக்கும் கல்லூரி பொறுப்பேற்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். தடுப்பு, அலமாரி, வண்ணம், இருக்கை எல்லாம் இரண்டாவது வகை. அவற்றை மக்களிடம் விட்டுவிடலாம். உங்கள் கண்ணுக்குப் பிடிக்காத வண்ணம் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

பராமரிப்புத் தாள்

இதை யாரும் கேட்க மாட்டார்கள், ஆனாலும் ஒரு ஷீட் ஒதுக்குங்கள். முதல் வருடம், ஐந்தாம் வருடம், பதினைந்தாம் வருடம் என்று மூன்று கட்டம். ஒவ்வொன்றிலும் எது பழுதாகும், யார் சரிசெய்வார், எந்தக் கருவி வேண்டும், பணம் யாருடையது என்று எழுதுங்கள். மழைநீர்க் குழாயில் இலை அடைக்கும். மண் பூச்சு உதிரும். கீல் துருப்பிடிக்கும். பம்ப் நிற்கும். "யார்" என்ற கட்டத்தில் பெயரோ பொறுப்போ எழுத முடியாத ஒவ்வொரு வரியும் உங்கள் டிசைனில் மாற்ற வேண்டிய இடம். பம்பைப் பழுதுபார்க்க ஆள் இல்லை என்றால் தொட்டியை உயரத்தில் வைத்துப் பம்பையே தவிர்க்க முடியுமா என்று பாருங்கள்.

அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் 1993-இல் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கிய, மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் ரூரல் ஸ்டூடியோ என்ற பயிற்சியின் பலம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அலபாமாவின் ஹேல் கவுன்டி என்ற பகுதியிலேயே வேரூன்றி இருப்பதால், மாணவர்கள் கட்டியது எப்படித் தாங்குகிறது என்று அடுத்த ஆண்டு மாணவர்கள் தினமும் கண்ணால் பார்க்கிறார்கள். உங்கள் கல்லூரியில் அப்படி இல்லையென்றால், சீனியர்கள் கட்டிய ஏதாவது ஒன்றை ஒரு மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பாருங்கள். சுவரின் அடியில் கறை எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, எந்த ஜன்னலை ஆணியடித்து மூடியிருக்கிறார்கள், எந்த அறையில் பழைய சாமான் குவிந்திருக்கிறது என்று குறியுங்கள். ஆணியடித்த ஜன்னலுக்குப் பெரும்பாலும் சாரலோ, கொசுவோ, பக்கத்து வீட்டுப் பார்வையோ காரணமாக இருக்கும். உங்கள் செக்ஷனில் அதே ஜன்னல் இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

ஜூரிக்கு அழகான ரெண்டரிங் ஒன்று போதும். மீதி ஷீட்களில் கயிறு நகர்ந்த தடம், மேற்கு வெயில் கணக்கு, பாட்டில் அளவுகள், பராமரிப்புத் தாள் இருக்கட்டும். ஜூரி முடிந்த அந்த வாரமே ப்ளானின் ஒரு பிரதியை அந்த மக்களுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்கள் பேசும் மொழியில், பெரிய எழுத்தில், அளவுகள் மீட்டரிலும் அடியிலும். கட்டப்பட்டிருந்தால் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சுவருக்குள் எங்கே போகின்றன என்ற படமும் கூடவே. நாளைக்கு அலமாரி மாட்ட ட்ரில் எடுப்பவருக்கு அது தேவைப்படும்.